ஆறாவது வார்த்தை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள். அவர்கள் கடிதத்தை வீட்டில் ஒருவர் எல்லாருக்கும் உரக்கப் படிப்பார். அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் வார்த்தையை மட்டும் கோத்தால் உள்விஷயம் வரும். யார் கண்டுபிடித்ததோ, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மாமியார்களும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

விடுமுறையில் வந்த என் கணவர் அதை எங்கள் வீட்டுக்கென்று மாற்றினார். ஞாயிறு எழுதினால் முதல் வார்த்தை, திங்கள் இரண்டாவது, வெள்ளி ஆறாவது. கிழமையை எழுதக் கூடாது. தேதியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வார். பிறகு தெருவில், சலாம் சொல்லும் வாக்கியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். நாங்களும் எடுத்துக்கொண்டோம். அதை அவருக்குத் தெரிவிக்கவே பழைய முறையில் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் கடிதம் படிப்பவர் கணவரின் அக்கா; மச்சி என்று கூப்பிடுவேன். நான் எழுதுவதையும் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். என் மகள் எட்டாவது படித்தபோது அவளைத் தன் மகனுக்குக் கேட்டார். அவளுக்கு மேலே படிக்க ஆசை. எனக்கு எதிரே நின்று பேச வராது.

ஒரு வியாழக்கிழமை மஃரிபு, அந்தித் தொழுகை, தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். மஃரிபு ஆனால் எங்களுக்கு அடுத்த கிழமை பிறந்துவிடும்; அது வெள்ளி இரவு. ஆகவே ஆறாவது வார்த்தைகளில் வைத்தேன்: கல்யாணம், வேண்டாம், படிக்கட்டும். கடைசி வாக்கியம் நினைவிருக்கிறது. "மச்சி சொல்வது எதுவானாலும் எனக்குச் சம்மதம், படிக்கட்டும் என்றே கடிதத்தை அவர்களிடம் தருகிறேன்." மேலே தேதி மட்டும் பள்ளிக்கூடப் பழக்கத்தில் அன்றைய தேதியே போட்டேன். மச்சிக்குக் கடிதம் மிகவும் பிடித்துவிட்டது.

பதில் வந்தது. மச்சி உரக்கப் படித்தார்: "அவளுக்குச் சம்மதமென்றால் எனக்கும் சம்மதம். கருவாடு யாருக்கு என்றுதான் புரியவில்லை."

"கருவாடா? யாருடி கேட்டா?" என்றார் மாமி, மச்சியின் அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தேதியைப் பார்த்து, வியாழன் என்று ஐந்தாவது வார்த்தைகளைக் கோத்திருக்கிறார்; ஏதோ ஒரு வாக்கியத்தில் ஐந்தாவதாகக் கருவாடு விழுந்திருக்கிறது. இன்னொரு கடிதம் போய்ச் சேருவதற்குள் நிக்காஹ் முடிந்துவிடும்.

"எனக்குச் சம்மதம் இல்ல மச்சி. அவ படிக்கட்டும்," என்றேன்.

"நீதானேடி எழுதுனே, எதுவானாலும் சம்மதம்னு!"

"அது அஞ்சாவது வார்த்தைங்க மச்சி."

மச்சி மாமியைப் பார்த்தார். மாமி, "பெத்தவ வேணாங்குறா, விடு," என்றார்.

"இனிமே ஒன் கடுதாசிய நீயே படிச்சுக்க!" என்று மச்சி அதை என் மடியில் போட்டார்.

அதன்பின் எண்ணிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. மகள் காலேஜ் வரை படித்தாள்.

நான் எழுதிய அந்தக் கடிதத்தை அவர் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்; இப்போது அவள்தான் வைத்திருக்கிறாள். அன்று வியாழன்தானா என்று தேதியை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். நான் எழுதியது கருவாடா, நெத்திலியா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.