எல்லை தாண்டி ஒரே ஒரு முறை வந்த பந்தயம்

அரூரில் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த ஓட்டப் போட்டிகள் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. தருமபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திக்கொண்டார்.

"மாஸ்டருங்களா? உங்களுக்குத் தெரியாதுங்களா? சைக்கிள் கடை திம்மராயன் விடியக்காலையில தவறிட்டாருங்க. சாயங்காலம் எடுக்கறாங்களாம்."

"எந்தத் திம்மராயன்?" என்று அதட்டினேன். தருமபுரியில் சைக்கிள் கடை திம்மராயன் ஒருவர்தான். அது கண்டக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த மனிதரிடம் எரிந்து விழுந்ததற்கு இந்தக் கட்டுரை வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

திம்மராயன் அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். இளவயதில் பெங்களூருக்குப் போய், பரிசுப் பணத்துக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் ஒருவரானார். அது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. ஓட்டினால் சோறு, விழுந்தால் பட்டினி. ஒரு நாள் விழுந்தார். வலது முழங்கால் சரியாகக் கூடவில்லை. எங்கள் ஊருக்கு வந்து வாடகைச் சைக்கிள் கடை வைத்தார்.

நான் இந்த ஊர்ப் பள்ளியில் டிரில் மாஸ்டர். சட்டம் என்றால் சட்டம், விநாடி என்றால் விநாடி என்று பிடிக்கிறவன். "மாஸ்டரு புடிச்ச மொயலுக்கு மூணே காலு" என்று அவரே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். வாடகைக்குச் சைக்கிள் எடுக்கப் போன என்னிடம், நான் ஏறி மிதித்துக் காட்டிய பிறகுதான் வண்டியைக் கொடுத்தார். "நீங்க சைக்கிள ஓட்டலீங்க. அதோட சண்ட போடறீங்க" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பெங்களூர்ப் பந்தயங்கள் எல்லாம் மைசூர் சமஸ்தானத்து எல்லையைத் தொட்டுத் திரும்பிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் வேறு சர்க்கார், வேறு போலீஸ், வேறு ஜனங்கள். "ரேசு எங்க திரும்புதோ அங்கதான் எங்க நாடு ஆரம்பிக்குது. அது என்ன நியாயம் மாஸ்டரே?" என்று கேட்பார். ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வழியாகத் தருமபுரி வரை பந்தயம் வரவேண்டும், வருஷா வருஷம் வரவேண்டும். அந்தச் சாலை ஓரத்து ஜனங்கள், இரண்டு சக்கரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு வேகமாகப் போகமுடியும் என்பதைத் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. பந்தயக் கமிட்டிக்குக் கடிதம் எழுதியவன் நான். ஒன்றல்ல, எத்தனையோ கடிதங்கள். கடைசியில், போர் தொடங்குவதற்குச் சற்று முன்னால், செயலாளராக இருந்த வெள்ளைக்காரர் காரில் வந்து சாலையைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு முறை நடத்திப் பார்க்கிறோம், ஒழுங்காக நடந்தால் தொடரும், இல்லையென்றால் மறந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. கூடவே பந்தய விதிகளும் வந்தன.

விதிகளைக் கடையில் உட்கார்ந்து அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். "ஓட்டுகிறவர் வெளியார் உதவி எதையும் பெறக்கூடாது, பெற்றால் விலக்கப்படுவார்" என்று ஒரு விதி.

"உதவின்னா என்னாங்க?" என்றார் திம்மராயன்.

"பின்னாலிருந்து தள்ளிவிடுவது, பஞ்சர் ஒட்டித் தருவது" என்று விளக்கினேன். எனக்குத் தெரியாத சட்டமா என்ற நினைப்பு. அவரும் தலையாட்டிக்கொண்டார். தாகத்தோடு வருகிறவனுக்கு ஒரு சொம்பு மோர் தருவதும் உதவிக் கணக்கில் சேரும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் உதவி என்று சொல்லமாட்டார்கள். கொடுக்காவிட்டால்தான் அதற்கு ஒரு பெயர் உண்டு.

அதன் பிறகு அவர் அந்த முறிந்த காலோடு எல்லையிலிருந்து தருமபுரி வரை ஒவ்வொரு ஊராகப் போனார். மாட்டைக் கட்டிப்போடுங்கள், வண்டியை ஓரம் கட்டுங்கள், நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வந்தார். போன இடத்திலெல்லாம் பேச்சை முடிக்கும்போது, "வர்றவங்க நம்ம நாட்டுக்கு மொதல் தடவ வர்றாங்க. நம்ம விருந்தாளிங்க. மரியாத கொறையக் கூடாது" என்பார். ஒரு முறை நானும் கூடப் போய் அதைக் கேட்டிருக்கிறேன். அழகாகச் சொன்னார் என்று பாராட்டவும் செய்தேன்.

பந்தய நாளன்று செயலாளரின் காரில், டிரைவர் பையனுக்குப் பக்கத்தில், கையில் ஸ்டாப் வாட்சோடு நான். பின் சீட்டில் திம்மராயன். பதினான்கு பேர் புறப்பட்டார்கள். எல்லையைத் தாண்டியபோது அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பார், அது எனக்குக் கூச்சம். ஓசூரில் கைதட்டினார்கள். கிருஷ்ணகிரியில் வெடி வெடித்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. செயலாளரே ஒரு முறை சிரித்தார்.

காவேரிப்பட்டணத்தைத் தாண்டிச் சில மைலில் ஒரு சின்ன ஊர். தூரத்திலேயே தப்பட்டைச் சத்தம் கேட்டது. கிட்டப் போனதும் காரை நிறுத்தவேண்டியதாயிற்று. சாலையின் குறுக்கே தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் வரிசையாக இலை போட்டு, ஒவ்வோர் இலையிலும் கேழ்வரகுக் களி உருண்டை. பானை பானையாக மோர். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். ஊர்ப் பெரியவர் மாரியப்பன் கையில் மாலையோடு நடுச்சாலையில் நின்றார்.

முதலில் வந்த பெங்களூர்க்காரர் விலகிப் போகப் பார்த்தார். ஓர் அம்மாள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எம்மாந் தூரத்துல இருந்து வர்ற. ஒரு வாயி மோரு குடிக்காத போனா எங்க ஊருக்கில்ல கெட்ட பேரு?" அந்த வெயிலில், அந்தக் குரலுக்கு, யார்தான் நிற்கமாட்டார்கள்? நின்றார், குடித்தார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். இரண்டு பேர் சம்மணமிட்டுக் களியே சாப்பிட்டார்கள். மூன்று பேர் மட்டும் வயல் வரப்பில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

செயலாளர் காரை விட்டு இறங்கவே இல்லை. "பதினொரு பேர் விலக்கப்பட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். மாரியப்பன் காருக்குள் தலையை நீட்டி, "தொரையும் ஒரு வாயி சாப்புடலாமே" என்றார். திம்மராயன் அவசரமாக இறங்கி, முந்திக்கொண்டு தானே ஒரு சொம்பு மோரை வாங்கிக் குடித்து, "அருமைங்க, ரொம்ப அருமைங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அன்று கண்ணால் கண்டேன்.

மூன்று பேர் தருமபுரி வந்து சேர்ந்தார்கள். காத்திருந்த ஜனங்கள் வெயில் தாளாமல் கலைந்துவிட்டதால், யார் முதல் என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

அன்று பிற்பகல் பயணியர் பங்களாவில் செயலாளர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். "அமைப்பாளரின் கட்டளையை மீறி, கிராமத்தார் பந்தயத்தை வழிமறித்துக் கெடுத்தனர்." இதற்கு இந்தப் பக்கத்து அமைப்பாளர் என்று திம்மராயன் கையெழுத்துப் போட்டால் போதும், அடுத்த வருஷமும் வருவோம், போலீஸ் காவலோடு வருவோம் என்றார் செயலாளர். அவர் கெட்ட மனிதர் அல்ல. கமிட்டிக்கு ஒரு காரணம் காட்டவேண்டியிருந்தது.

திம்மராயன் அதைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கட்டளைய மீறி இல்லீங்க மாஸ்டரே. என் கட்டளப்படிதான் செஞ்சாங்க. நானில்ல மரியாத கொறையக் கூடாதுன்னு சொன்னேன்? அத எழுதுங்க."

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். "மிதிக்காதீங்க, அது வலிக்கற காலு" என்றார் உரக்க.

"ஒரு கையெழுத்துதானே! அந்த ஜனங்களுக்கு இது தெரியவா போகிறது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

அவர் சொன்னபடியே எழுதினேன். குற்றம் முழுவதும் அமைப்பாளருடையது. செயலாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உதவி என்பதற்குத் தப்பாக விளக்கம் சொன்னவன் நான் என்பதைத் திம்மராயன் அங்கே சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அந்தக் கோபத்தில் ஒரு வருஷம் அவர் கடைப்பக்கம் போகாமல் இருந்தேன். கோபம் அவர்மேல் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஒரு நாள் வழியில் மறித்து, "எத்தன நாளைக்கு நடந்தே போவீங்க? செருப்புத் தேயுது பாருங்க" என்று சிரித்தார். அதோடு சரியாகிவிட்டது.

பந்தல் போட்ட அந்த ஊருக்கு அவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது போய் வருவார். பந்தயம் ஏன் திரும்ப வரவில்லை என்று அவர்கள் கேட்பார்களாம். "சண்ட நடக்குதுங்களே", "டயரு கெடைக்கலீங்க", "ரோட்டுல மிலிட்டரி லாரிங்க" என்று இவர் எதையாவது சொல்லிவைப்பார். "நெசத்தச் சொன்னா, சைக்கிளப் புடிச்ச அந்த அம்மா தன் கைய ஒடச்சிக்கும்" என்றார் என்னிடம். போர்க்காலத்தில் டயருக்குத் தட்டுப்பாடு வந்தது அவருக்கு வியாபாரத்தில் நஷ்டம். ஆனால் பொய்க்குத் துணையாயிற்று.

போர் முடிந்தது. சுதந்திரம் வந்தது. சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. "இப்ப எல்லையே போயிருச்சு மாஸ்டரே, பேனாவ எடுங்க" என்று வந்து நின்றார். எழுதினேன். கமிட்டியில் இப்போது நம்மவர்கள். பதிலும் நம்பிக்கையாகத்தான் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. முன்பு பந்தயத்தைத் தடுத்த ஊரார் இனிமேல் சாலைக்கு வரமாட்டோம், எதுவும் கொடுக்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் ஒரு வீல் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதக் கொண்டுபோயி நீட்டுனா, அன்னைக்குக் கெடுத்தது நீங்கதான்னு சொன்ன மாதிரி ஆவாதுங்களா?"

"ஆகும். ஆனால் பந்தயம் வரும்."

"வரும்" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அந்த ஊருக்குப் போனார், திரும்பி வந்தார். "சொன்னீர்களா?" என்று கேட்டேன். "மழ நல்லாப் பெய்ஞ்சிருக்குங்க அங்க" என்றார். எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் வாழ்நாளெல்லாம் கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. முட்டாள்தனம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார். முந்தாநாள் போய்விட்டார்.

பஸ் தருமபுரி வந்து சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். காவேரிப்பட்டணத்துப் பக்கத்து ஜனங்கள் இரண்டு கட்டை வண்டிகளில் வந்திருந்தார்கள். மாரியப்பனுக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. எல்லாம் முடிந்து திரும்பும்போது அவர் என் பக்கமாக வந்து நடந்தார்.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லணும். அந்த ரேசு நின்னுபோனது எங்களாலதான்னு எங்களுக்குத் தெரியுங்க."

நான் நின்றுவிட்டேன்.

"நடந்து மூணாம் நாளே தெரியும். தொரையோட காரு ஓட்டுன பையன் எங்க சந்தையில சொல்லிட்டான். இவரு வந்து சண்டம்பாரு, டயரும்பாரு. நாங்களும் ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்குவோம். எங்க மனசு நோவக் கூடாதுன்னு இம்மாம் பொய்யி சொல்ற மனுசங்கிட்ட, தெரியுங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

வண்டிகள் நின்ற பக்கமாக என்னையும் அழைத்துக்கொண்டு நடந்தார்.

"இனிமே வந்தா ரோட்டுக்கே வரமாட்டோம், வூட்டுக்குள்ளயே இருந்துக்கறோம்னு சொல்லத்தான் ஊரே நெனச்சது. போன மழைக்கு வந்தாரே, அப்பக்கூட வாயி வரைக்கும் வந்துச்சுங்க. சொன்னா எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிருமேன்னு முழுங்கிட்டேன்."

நான் அவரிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எனக்கே அப்போது தெரிந்துவிட்டது. வண்டிகள் பூட்டப்பட்டன. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. இரண்டு வண்டிகளும் சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றன. பஸ் நிற்காமல் தாண்டி, வடக்கே பெங்களூர்ச் சாலையில் போயிற்று.

திம்மராயன் அவர்களே, ஊரார் சம்மதம் சொல்லிவிட்டார்கள். கேட்கத்தான் நீங்கள் இல்லை.