கெண்டை பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் அன்று என்னை ஏரிக்குக் கூப்பிட்டபோது முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தூண்டில் அவருடைய விஷயம். ஞாயிற்றுக்கிழமையானால் தோஸ்துகளோடு கிளம்பிப் போவார், இருட்டுவதற்குள் வருவார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை எனக்கு. வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் துணி துவைக்கவும் மாவு அரைக்கவுமே சரியாகப் போய்விடும்.

ஆனால் அந்த வருஷம் அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. தோல் கம்பெனியில் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வலது கை மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. சர்க்கரை வேறு இருந்ததால் புண் ஆறவில்லை. உள்ளங்கையையும் சுண்டு விரலையும் சேர்த்து எப்போதும் கட்டு. அதிலிருந்து கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இடது கையால் சோற்றைத் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஸ்பூன் வாங்கிக் கொடுத்தேன். நான் அடுப்பு பக்கம் திரும்பியிருக்கும்போதுதான் சாப்பிடுவார்.

"வாமே, ஏரிக்குப் போலாம்" என்றார். "நீ புழு மட்டும் கோத்துக் குடு. நான் புடிக்கிறேன்."

குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் மண்ணைக் கிளறிப் புழு எடுத்தேன். ஆட்டோவில் போய் இறங்கிக் கரை மேலே நடந்தோம். ஏரி மீனை ஏலம் எடுத்தவர்கள் பெரிய மீனுக்குத்தான் சண்டைக்கு வருவார்கள். விரல் நீளக் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அவருடைய தூண்டிலில் தக்கையாகக் கட்டியிருந்தது ஷூ அடிப்பாகம் வெட்டியபோது மிஞ்சிய ஒரு வெள்ளைத் துண்டு. நான்தான் எப்போதோ கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறேனாம். எனக்கு ஞாபகமில்லை.

புழு கையில் நெளிந்தது. இரண்டு முறை கீழே போட்டுவிட்டேன்.

"தலைலேர்ந்து குத்து. வால் கொஞ்சம் தொங்கணும். இன்னாமே, ஊசி புடிக்கிற கைதானே உன்னிது?"

மூன்றாவது புழுவில் தூண்டில் முள் என் கட்டை விரலிலேயே ஏறியது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி கோத்தேன்.

இடது கையால்தான் கோலைப் பிடித்திருந்தார். தக்கை இரண்டு முறை துள்ளும், பிறகு சட்டென்று உள்ளே போகும். அவர் தூக்குவதற்குள் புழுவைத் தின்றுவிட்டு மீன் போய்விடும். மறுபடி நான் கோப்பேன், மறுபடி போகும். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

"இந்தக் கைக்கு ஒரு எழவும் தெரியல" என்று சொல்லிக் கோலை வலது கைக்கு மாற்றினார். கோலின் அடியை இடுப்பில் அழுத்திக்கொண்டு, வெளியே இருந்த இரண்டு விரலால் பிடித்தார்.

"வாணாங்க, கட்டு நனைஞ்சிடும்."

"இன்னிக்கு ஒரு நாள்தானே, வுடு."

அடுத்த முறை தக்கை போனதும் சரியாகத் தூக்கினார். வெள்ளையாக ஒரு கெண்டை துடித்துக்கொண்டு வந்தது. முள்ளிலிருந்து நான்தான் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கட்டில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. நாற்றம் எனக்கே வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

மதியம் பாய் வந்தார். என் கணவரோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தவர், அடிபட்ட அன்று தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மூன்று பேருக்கும் பிரியாணி கொண்டுவந்திருந்தார். கரையோர வேப்ப மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்:

"காலைல எத்தினி மணிக்கு வண்டி எடுத்துனு வரட்டும்? லேட்டாப் போனா பெட்டு கிடைக்காது."

"எதுக்குண்ணே பெட்டு?" என்றேன்.

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "தங்கச்சிக்கு நீ இன்னும் சொல்லலியா?"

என் கணவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மணிக்கட்டோட எடுக்கணுமாம். எலும்புக்குப் போய்ட்ச்சாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் ஷிப்டில் இருந்தபோது இரண்டு பேரும் வேலூர் போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி அவர் என்னிடம் டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி போட வேண்டும் என்று சொன்னார். அது மட்டும்தான் சொன்னார்.

"அப்போ நான் யாரு உங்களுக்கு?"

அவர் இடது கையால் கட்டின் நுனியை உள்ளே செருகப் பார்த்தார். பாய் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். யாரும் பார்க்காதபோது தக்கை உள்ளே போயிருக்கிறது. கோல் அவர் விரலிலிருந்து நழுவித் தண்ணீரை நோக்கி இழுபட்டது. நான் பாய்ந்து பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். அவ்வளவு வேகமாக இழுத்திருக்கக் கூடாது. வெறும் முள்தான் வந்தது, அதில் மீனின் உதடு மட்டும் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு டப்பாவிலிருந்து இன்னொரு புழுவை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த முறை முள் என் விரலில் ஏறவில்லை.

சாயந்திரம் வரை அங்கேயே இருந்தோம். பிரியாணியைப் பாதிக்கு மேல் யாரும் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து கெண்டையை உரசிக் கழுவிக் குழம்பு வைத்தேன். ஸ்பூனை எடுத்து வைத்தபோது அவர் அதைத் தள்ளி வைத்தார். கட்டுப் போட்ட கையைத் தட்டுக்கு மேலே கொண்டுவந்து, இரண்டு விரலால் சோற்றை எடுத்துப் பார்த்தார். சிந்தியது. நான் சோற்றைக் குழைத்து, முள்ளெடுத்த மீனோடு சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கட்டில் குழம்பு பட்டுச் சிவந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பாய் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டோடு எடுத்தார்கள். அதுவும் ஆறாமல், பிறகு முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். கம்பெனியில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைப்பதாகச் சொன்னார்கள், சொன்னதோடு சரி. என் கணவர் தூண்டிலைப் பாய்க்குக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்துவிட்டேன்.

வெகு நாள் கழித்து ஒருமுறை கேட்டேன், வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு அவ்வளவு தூரம் கூட்டிப் போனீர்கள் என்று.

"வீட்ல சொன்னா அழுவே. அங்க நாலு பேர் இருப்பாங்க, நீ அழ மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். "அங்கயும் வாய் வரல."

பாய் கேட்காமல் இருந்திருந்தால், திங்கட்கிழமை காலையில் வண்டி வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவரும் அதைப் பற்றி மறுபடி பேசுவதில்லை. காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது எதிரே வந்து நிற்பார். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.