அமாவாசையில் ஒரு மீன் சாப்பாடு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். எங்கள் குடும்பத்தின் முதல் சுற்றுலாவைக் கெடுப்பதற்கான தகுதியும் அதனால் எனக்கு மட்டுமே இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே கதவைத் திறப்பதற்குக்கூட ஒரு செக்லிஸ்ட் உண்டு. மூன்று வருடம் அதில் ஊறியதில் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது. உலகத்தில் எதுவும் தப்பாகப் போவது அட்டவணை போடாததால்தான் என்று. அதனால் வீட்டாரைக் கடற்கரை ஓரமாக ஒரு நாள் காரில் கூட்டிப் போவது என்று முடிவானதும் முதலில் நான் செய்தது எக்செல் ஷீட்டைத் திறந்தது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல். எங்கள் தெருவில் தறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மாதத்தில் ஒரு நாள், அமாவாசை அன்றுதான் தறி நிற்கும். அப்பாவுக்கு அது ஒன்றுதான் லீவு. சின்ன வயதில் அமாவாசை என்றால் எனக்கு அப்பா வீட்டில் இருக்கிற நாள், அவ்வளவுதான். எனவே மாசி அமாவாசைக்கு நான் அலுவலகத்தில் லீவு போட்டேன். நண்பனிடம் காரும், கூட வேலை செய்பவரிடம் பைனாகுலரும் இரவல் வாங்கினேன். அட்டவணையில் நேரம், இடம், குறிப்பு, அபாயம் என்று நான்கு கட்டங்கள். அபாயம் என்ற கட்டத்தில் பஞ்சர், வாந்தி, வெயில், கழிவறை வரைக்கும் யோசித்து எழுதியிருந்தேன். லேமினேட்டும் செய்தேன்.

அதில் ஒரு வரி: ‘6.30 – நைனா – சுகர் மாத்திரை.’ வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வரி: ‘7.00 – டிபன். மாத்திரை போட்ட அரை மணிக்குள் கட்டாயம் சாப்பிட வேண்டும்.’ டாக்டர் சொன்னதை அப்படியே, தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

சரியாக ஆறரைக்கு, குளித்து விபூதி பூசி நின்ற அப்பாவிடம் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் நீட்டினேன். அவர் மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்ததுபோல வாயைத் திறந்தார். திறந்த வாயில் போட்டுக்கொண்டார். நான் டிக் போட்டேன்.

செங்கல்பட்டில் டிபன். அக்காவும் நானும் இட்லி வாங்கினோம். அம்மா காப்பி போதும் என்றாள். அப்பா சர்க்கரை போடாத டீ.

“நைனா, இட்லி?”

“காக்கா எடுத்தப்பறம்பா.”

அமாவாசை அன்று அப்பா, செத்துப்போன தாத்தாவை நினைத்து உச்சிப்பொழுதுக்கு மேல் காக்காவுக்குச் சோறு வைப்பார். அது எடுத்த பிறகுதான் சாப்பாடு. வருஷக்கணக்காகப் பார்த்த விஷயம். அம்மா விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறித் தூக்குவாளியில் கட்டியதையும் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அட்டவணையில் ‘டிபன்’ என்று இருந்தது, அப்பாவும் டிபன் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் அதற்கும் டிக் போட்டேன்.

கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது பின்சீட்டில் இருந்த அக்கா லேமினேட் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜாக்கெட் தைப்பவள். பல்லிடுக்கில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகிய வாய்.

“ஒன்பது மணி, முதல. பதினொன்ற, பூநார. ஒரு மணி…” நிறுத்தினாள். “டேய். ஒரு மணிக்கு இன்னாடா போட்டுக்கிற?”

“படிச்சியே.”

“‘மீன் சாப்பாடு, எறா வறுவல், நண்டு மசாலா. நாலு பேரு’. ஏண்டா, இன்னிக்கி இன்னா நாளு?”

“அமாவாச. நைனாக்கு லீவு.”

அம்மா மெதுவாக, “கவிச்சி துன்ற நாளாப்பா இது?” என்றாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அமாவாசையில் லீவு என்ற பாதி மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. சோறு சம்பந்தப்பட்ட பாதியை ஹாஸ்டலில் எங்கோ தொலைத்திருந்தேன். அந்த மீன் கடைக்காக நான் படித்த ரிவ்யூக்களை என் பரீட்சைக்குப் படித்திருந்தால் இன்னும் நல்ல வேலையில் இருந்திருப்பேன்.

“அத உடுமா,” என்றார் அப்பா. “புள்ள ஆசயா போட்டுக்கிறான். அவன் துன்னட்டும்.” அவர் அப்படிச் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

முதலைப் பண்ணையில் அப்பா குஷியாகத்தான் இருந்தார். முதலையைப் பற்றி நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த தகவல்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் தடுப்புச் சுவரில் சாய்ந்து, வெயிலில் அசையாமல் கிடந்த ஒன்றின் முதுகுக் கட்டங்களையே, தறியில் ஓடும் துணியைப் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டம் நேராத்தான் ஆரம்பிக்கிறான்,” என்றார். “வாலாண்ட வந்ததும் கணக்கு உட்டுட்டான்.”

“உயிரோட இருக்குதா இது? ஒரு மணி நேரமா வாயத் தொறந்துக்கினே கீது,” என்றாள் அம்மா.

“உன் புள்ள சொல்றதக் கேட்டுக்கினு இருக்குது,” என்றாள் அக்கா.

அங்கிருந்து தெற்கே போனோம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் அவ்வப்போது தலை காட்டும் கடல். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நான் பாட்டை நிறுத்தினேன். அந்தப் பொறுப்புணர்ச்சிக்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இறங்கியபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. அரை மணி தாமதம். அதுதான் அப்போது என் கவலை. தூரத்தில், தண்ணீர் தேங்கிய இடத்தில், நிஜமாகவே பூநாரைகள் நின்றிருந்தன. வெள்ளையில் லேசாக ரோஸ் ஏறிய ஒரு கோடு. என் அட்டவணையில் அன்று எழுதியபடியே நடந்த ஒரே விஷயம் அதுதான். பைனாகுலரை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

“தெரியுதா நைனா?”

“தெரியுது. ஆடுதுடா.”

“ஃபோகஸ்.” நடுவில் இருந்த திருகைத் திருகினேன். “இப்ப?”

“இப்பவும் ஆடுது.”

“எந்தக் கண்ணுல?”

“பறவயே ஆடுதுடா.”

நான் இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். லென்ஸை அப்பாவின் வேட்டி நுனியில் துடைத்தேன். பைனாகுலர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக விளக்கவும் செய்தேன். அக்காதான் கிட்டே வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“டேய் கூமுட்ட. பறவ ஆடல. இவுரு கை ஆடுது.”

அப்பாவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னா இது, இப்பிடி வேர்க்குது? மாத்திர போட்டீங்களா?”

“புள்ள குடுத்தான்,” என்றார் அப்பா.

“எப்ப?”

“காலையில.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அமாவாசையில் அவர் காலை மாத்திரை போடுவதே இல்லை. காக்கா எடுத்து, இலை போட்ட பிறகுதான் போடுவார். வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாத்திரை போட்டு ஐந்தரை மணி நேரம், வயிற்றில் வெறும் டீ. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று தடித்த எழுத்தில் டைப் செய்த நானே பைனாகுலரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

தூக்கைத் திறந்து, “ரெண்டு வாய் சாப்புடு நைனா,” என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். நடுரோட்டில் நின்று கத்தினேன், கெஞ்சினேன். “இன்னும் வைக்கவே இல்லியேடா,” என்றார், நான்தான் குழந்தை என்பது மாதிரி. சோற்றைக் கைப்பிடி எடுத்து வரப்பில் வைத்தோம். உப்பளத்தில் ஏது காக்கா? வெயிலும் உப்பும்தான். பூநாரைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரைக் கிளப்பி, கையில் இருந்த ஒரே விலாசத்துக்குப் பறந்தேன். நான் ரிவ்யூ படித்த அதே மீன் கடை. கீற்றுக் கொட்டகை, பக்கத்தில் மணலில் ஏற்றிய படகுகள், வலையிலிருந்து மீன் உதிர்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சுற்றிக் காக்கா, நூற்றுக்கணக்கில்.

முதலில் ஒரு டீ வாங்கி நானே மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். டீயால் விரதம் கெடாது என்று தெரிந்தும் அப்பா முகத்தைத் திருப்பினார்.

“சக்கர வெஷம்னு நீதானடா செவுத்துல ஒட்டுன?”

உண்மைதான். தறிக்கு எதிரில், அவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில், சார்ட் ஒட்டியிருக்கிறேன். மண்டை ஓட்டுப் படத்தோடு.

“குடிங்க,” என்றாள் அம்மா. அவர் குடித்தார். பாதி வேட்டியில் கொட்டியது, பாதி உள்ளே போனது. உதட்டின் வெளுப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் இது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வயிற்றுக்குள் சோறு போக வேண்டும்.

அக்கா மணலில் இலையை வைத்து, புளியோதரையைக் குவித்து, “கா கா” என்று கூப்பிட்டாள். இரண்டு காக்கா வந்தன. ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. கிட்டே வந்து ஒரு வேர்க்கடலையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டது. அங்கே மீன் குடல் மலை மாதிரி கிடந்தது. நானும் “கா கா” என்று கத்தினேன். இன்ஜினியரிங் படித்த குரலில் கத்தினாலும் அவை வரவில்லை. இலையைத் தூக்கிக்கொண்டு காக்காக்களின் பின்னாலேயே ஓடினேன். அவை நடந்தே என்னைவிட வேகமாகப் போயின.

கடைக்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

“இன்னா தம்பி அது, புளிசோறா?”

“ஆமாங்க. அமாவாச.”

“எங்க ஊரு காக்கா புளிசோத்த மோந்து பாக்குமா? நெத்திலி நாலு போட்டு வையி, சண்ட போட்டுக்கினு வரும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அமாவாசைப் படையலில் மீன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்திருந்த அவர் கை இன்னும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“மாமனாருக்கு நெத்திலின்னா உசுரு,” என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல். “ஐயரு சொன்னதவிட அவரு கேட்டதத்தான் வச்சா இன்னா தப்பு? ஓடுடா.”

ஓடினேன். ஒரு தட்டு நெத்திலி வறுவல். சோற்றின்மேல் ஐந்தாறு பரப்பி இலையை வைத்து, நான் நிமிர்வதற்குள் அவை வந்துவிட்டன. எத்தனை என்று தெரியாது. ஒன்று என் கையையே கொத்தியது. இலை கிழிந்தது, சோறு பறந்தது, அக்கா அலறிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள்.

“மீனத்தானே தூக்கிச்சு, சோறு எடுத்துச்சா?” என்றார் அப்பா. அந்த நிலையிலும் தரக் கட்டுப்பாடு.

“எடுத்துச்சு,” என்றாள் அம்மா. “மீனோட சோறும் ஒட்டிக்கினு போச்சு. என் கண்ணால பாத்தேன். உக்காருங்க.”

அவள் பார்த்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அப்பா கையை அலம்பிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் உருண்டையைப் பாதி இலையிலேயே சிந்தினார். இரண்டாவது சிந்தவில்லை. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நான் சொல்ல, அக்கா உடனே சரி என்றாள். நான் சொன்னதை அவள் மறுக்காதது அன்று அந்த ஒரு தடவைதான். அங்கே விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்த நர்ஸ், இப்போது பரவாயில்லை என்றார். மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்டார். மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அப்பாவிடம் கேட்டேன்.

“அமாவாசைல அப்பறமாத்தான் போடணும்னு உனுக்குத் தெரியும்ல நைனா?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் போட்ட?”

“காலங்காத்தால டம்ளரு எடுத்துக்கினு வந்து நிக்கிற. படிச்ச புள்ள. வேணாம்னா உன் மூஞ்சி தொங்கிப்பூடும்.” பிறகு, நான் வருத்தப்படக் கூடாது என்பதுபோல, “உன்னுது நல்ல மாத்திரதான்டா,” என்றார்.

நான் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் டம்ளரோடு போய் நிற்பதில்லை. மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். போட்டேன் என்கிறார், சில நாள் இன்னும் இல்லை, அப்புறம் என்கிறார். உடனே ஏன் என்று கேட்கவும், மாத்திரை அட்டையைத் திருப்பி எத்தனை பாக்கி என்று பார்க்கவும் கை பரபரக்கும். அடக்கிக்கொள்கிறேன். பெரும்பாலும்.