உள்ளே கட்டிய வேப்பிலை

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் நாற்பது வருஷம் கம்பி தூக்கிய கை, பேனாவையும் கம்பியைப் போலவே அழுத்துகிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவினாலே நான் எழுதியது தெரியும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரைப் பற்றி எழுதுகிறேனோ, எழுபது வயதில் எழுதக் கற்றதே அவரால்தான். இதை நானே எழுத வேண்டும்.

போன திங்கட்கிழமை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது. இப்போதெல்லாம் எழுத்தாக எது வந்தாலும் எனக்குச் சந்தோஷம். விளம்பரமாக இருந்தாலும் விடமாட்டேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "பியூலா சிஸ்டர்" என்பது வரை வேகமாகப் படித்துவிட்டேன். அடுத்த வார்த்தை "காலமானார்". தப்பாகப் படித்திருப்பேன் என்ற ஆசையில் இன்னொரு முறை படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருக்களுக்கு அவர்தான் தடுப்பூசி போடும் நர்சம்மா. புதன்கிழமை பால்வாடியில் ஊசி போடுவார். மற்ற நாட்களில், வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக நடப்பார். கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலில்கூட அதை விரிக்க மாட்டார். அதன் பிடியால் கதவைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

தட்டம்மை ஊசியை எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதென்று பள்ளிக்கூடத்திலும் பால்வாடியிலும் ஏற்பாடு செய்த வருஷம், நான் அவருக்கு எதிரியாக நின்றேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "ஃபாக்டரிப் புகையால ஒண்ணும் ஆவாதுன்னாங்க. நாங்க இருமிகினு கீறோம். இப்போ ஊசியால ஒண்ணும் ஆவாதுன்றீங்க. எப்படிம்மா நம்பறது?"

அவர் கோபப்படவில்லை. "ஞாயமான கேள்வி நைனா. எனக்கும் அதே இருமல் கீது. ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஜொரம் வரும், கை வலிக்கும், ரெண்டு நாள்ல போயிடும். அத்த மறைச்சா நாளைக்கு நீ என்னை நம்ப மாட்டே."

"எங்க காலத்துல ஊசியா போட்டாங்க? நான் வளரல?"

"உங்கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"ஆறு பேரு."

"வளந்து ஆளானது?"

"மூணு."

"மீதி மூணு பேரையும் கூப்டு, ஊசி வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "சிஸ்டரு கோர்ட்டுல இருக்க வேண்டிய ஆளு, தப்பி ஆஸ்பத்திரிக்கு வந்துடுச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. போனில் வரும் பேச்சுகள்தான் எனக்குப் பேப்பர். அந்த ஊசி போட்ட பெண்பிள்ளைக்குப் பின்னால் குழந்தை பிறக்காது என்று யாரோ ஒருத்தர் பேசி அனுப்பியிருந்தார். நம்பினேன். கேட்டதோடு நிற்கவில்லை. நானே பேசி எல்லாருக்கும் அனுப்பினேன். அதில் சொந்த யோசனை ஒன்றையும் சேர்த்தேன்: "வூட்ல அம்மை கண்டிருந்தா வாசல்ல வேப்பிலை கட்டாதீங்க. அத்தப் பார்த்துட்டு நர்சம்மா வந்துடும். உள்ள கட்டுங்க."

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது வழக்கம். பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள், பிள்ளைகளையும் விடமாட்டார்கள். என் பேச்சைக் கேட்டு நாலைந்து வீடுகளில் வேப்பிலை உள்ளே போனது. அதில் ஒன்று எதிர்வீட்டு ராணியின் வீடு. எனக்கே தெரியாது. என் பேத்தி மலருக்கு அப்போது நாலு வயது. தினமும் அந்த வீட்டில்தான் விளையாடுவாள். வாசலில் வேப்பிலை இருந்திருந்தால் மருமகள் அவளை அனுப்பியிருக்க மாட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் மலருக்குக் காய்ச்சல். கண் சிவந்து, உடம்பெல்லாம் சிவப்பாக வார்த்தது. ஒன்பது மாதத்தில் போட வேண்டிய ஊசி, மருமகள் தாய்வீட்டில் இருந்ததால் தவறிப் போயிருந்தது. இப்போது போடலாமா என்று அவள் கேட்டபோது வேண்டாமென்றவன் நான்.

குடைச்சத்தம் கேட்டது. பியூலா அம்மா சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் செருப்பை வெளியே விட்டு, மஞ்சள் தண்ணீரில் கால் கழுவித்தான் உள்ளே வந்தார். மலரின் சட்டையைத் தூக்கி, மூச்சில் விலா குழிவதைப் பார்த்தார். "அம்மன் கோச்சிக்க மாட்டா நைனா. புள்ளையத் தூக்கு" என்றார். ஆட்டோவில் வழியெல்லாம் மலர் அவர் மடியில்தான் இருந்தாள்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். ஆறு நாள் ஆக்சிஜன். மூன்றாம் நாள் வராந்தாவில் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "போன்ல பேசினது நான்தாம்மா."

"தெரியும் நைனா. இருபது வூட்ல அந்தப் பேச்சக் கேட்டேன். உன் இருமல் கூட அதுல கீது."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னை நாலு சாத்து சாத்தியிருப்பாங்க. அடி வாங்கினவன் அப்பறம் வாயத் தொறக்க மாட்டான். எனக்கு உன் வாய் வேணும்."

மலர் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, பியூலா அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி போனில் பேசி அனுப்பினேன். என் பேரைச் சொன்னேன். நான் சொன்னது பொய் என்றும், அதனால் என் பேத்திக்கு என்ன ஆனது என்றும் சொன்னேன். நாலு முறை பாதியில் நிறுத்தி அழித்தேன், ஐந்தாவது முறைதான் முடிந்தது. ஆனால் முதல் பேச்சு ஓடிய தூரத்தில் பாதிகூட இது ஓடவில்லை. அதனால் காலால் நடந்தேன். ஊசி மருந்து வைக்கும் அவர் ஐஸ் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். சில கதவு திறந்தது. சில வீட்டில், "அன்னிக்கு ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே, எதுய்யா நெஜம்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

தாய்மார்கள் தடுப்பூசி அட்டையை நீட்டி, அடுத்தது எப்போது என்று என்னைக் கேட்பார்கள். அட்டையைப் பியூலா அம்மாவிடமே கொடுப்பேன். "பெட்டி தூக்கத் தெரியுது, அட்டை படிக்கத் தெரியல. பாதி ஆளாத்தான் கீற நைனா" என்று கேலி செய்து, போன வருஷம் சாயங்கால வகுப்பில் சேர்த்துவிட்டார். முழுசாக நான் படித்த முதல் காகிதம் மலரின் அட்டை.

பிறகு பால்வாடி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். அந்த வாரம் ஊசி போட வேண்டிய பிள்ளைகளின் பெயரை எழுதுவது என் வேலை. வந்தவர்கள் பெயரை அழித்துவிடுவேன். ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வராத புள்ள பேர அழிக்காத. அதுதான் நமக்கு வேலை."

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த மறுநாள் புதன்கிழமை. ஊசி நிற்கவில்லை, புது நர்ஸ் வந்திருந்தார். ஏழு பெயர் எழுதினேன். ஆறு பிள்ளைகள் வந்தார்கள். ஏழாவது வீட்டுக்கு நானே போனேன். பிள்ளையின் அப்பா கதவைத் திறந்தார். போனை எடுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினார். என் பழைய குரல், என் இருமலோடு. இத்தனை வருஷம் கழித்தும் அது எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நின்று முழுவதும் கேட்டேன். "இது நான்தாம்பா. பொய் சொன்னவன் நான்தான்" என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்து பலகையைத் துடைத்தேன். அந்த ஒரு பெயரைத் தொடவில்லை. மழைச்சாரலில் அது கரைந்தாலும் கரையும் அம்மா. கவலைப்படாமல் போய் வாருங்கள். அடுத்த புதன்கிழமை மறுபடி எழுதுவேன்.