பின்கதவில் நான் போட்ட முடிச்சு

என் மனைவி கோமதிக்கு வலது காது கேட்காது. அவள் முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை தீப்புண் தழும்பு இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் நான். அவள் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் நம் தாய் மந்தைக்காளி.

பங்காளி உறவுகளே, நம் கோயில் மலருக்கு இதை எழுதித் தரும்படி பல வருடங்களாகக் கேட்டீர்கள். அம்மனின் கருணையை மட்டும் எழுதி, என் பங்கை மறைத்தால் அது பாதிப் பொய். முழுவதையும் எழுதத் துணிச்சல் வரவில்லை. இப்போது வயதாகிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது.

2008 வைகாசி மாதம். மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விருதுநகரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஜல்லி, புழுதி, மாற்றுப்பாதைப் பலகை. நான் அப்போது சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். வேதியியல் படித்தவன். வெடிமருந்தோடு முப்பது வருடப் பழக்கம். அந்த இறுமாப்பு எனக்கு நிறைய இருந்தது.

மகன் கண்ணனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் ஹரிணி பிறந்தாள். அவளுக்கு முடி இறக்கிக் காது குத்தும் அன்று மந்தை அதிர வெடி போடுவதாக அம்மனிடம் நேர்ந்திருந்தேன். மேலூருக்கு அப்பால் நம் கோயில் ஊரிலேயே வெடி வாங்கியிருக்கலாம். ஆனால் ‘மேனேஜர் வீட்டு வெடி’ என்று நீங்கள் எல்லாரும் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆசை. கம்பெனியில் தனியாகச் சொல்லிச் செய்த சரவெடி ஒரு பெட்டி, அணுகுண்டு ஒரு பெட்டி. விடிவதற்குள் என் பழைய டீசல் வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் இரண்டையும் தள்ளி, போர்வையால் மூடினேன்.

பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீளச் சீட்டு உள்ள வண்டி அது. பின்கதவின் கொக்கி பழுது. பள்ளத்தில் கதவு திறந்துகொள்ளக் கூடாதென்று வெளியே நைலான் கயிற்றால் கட்டினேன். டயர் மாற்றும் கம்பியை முடிச்சுக்குள் விட்டு முறுக்கி இறுக்கினேன். கம்பெனியில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது, வாசலில் எதையும் வைக்கக் கூடாது என்று சுவர் சுவராக எழுதிவைத்தவனும் நான்தான்.

கோமதி பார்த்துவிட்டாள்.

“அம்மனுக்கு வெடி வேணும்னு ஆரு கேட்டா? உங்களுக்குத்தான் வேணும்.”

“வாய மூடு. பிள்ளைக காதுல போட்டுறாத” என்றேன்.

புறப்படும்போது கண்ணனே கேட்டான். “அப்பா, வண்டியில வெடி கிடி எதுவும் இல்லீல்ல?”

“நான் என்ன கூறுகெட்டவனாலே? ஏறு” என்றேன்.

மகனிடம், குலதெய்வத்துக்குப் போகும் வழியில், நான் சொன்ன பொய் அது.

ஆமத்தூரைத் தாண்டும்போது கண்ணன், “மதுரைக்கே நேராப் போயிருவோம்ப்பா. ரிங் ரோடு இருக்குல்ல” என்றான்.

“மதுரையா? முகூர்த்த நாள். உள்ள போனா உன் மக காதுகுத்துக்குப் போய்ச் சேர மாட்ட, அவ கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவ” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். காரியாபட்டி, திருப்புவனம், சிவகங்கை என்று சுற்றி, நெரிசலும் ரோடு வேலையும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று பெருமை அடித்தேன். கம்பெனி லோடு அனுப்பிய வழிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் உண்மையான காரணம் வேறு. மதுரை எல்லையில் போலீஸ் வண்டியைத் திறந்து பார்க்கும்.

விருதுநகருக்கு வெளியே கிழக்குப் பக்கம் போக, நான்குவழிச் சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அங்கே சிவப்புக் கொடியோடு ஓர் அம்மாள் நிறுத்தினார்.

“செத்த பொறுங்கய்யா, ரோலர் ஓடுது.”

“எம்புட்டு நேரம்?”

“அத ரோலருகிட்டத்தான் கேக்கணும்.”

கிண்டல் எனக்கு உறைத்தது. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். வெயில் ஏறியது. அப்போது ஜல்லிக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரி பக்கத்தில் ஊர்ந்து வந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் அடித்தது. கோயிலுக்குப் போட்டிருந்த சட்டை. நான் இறங்கினேன்.

“ஏலே, கண்ணு அவிஞ்சு போச்சா?”

லாரி டிரைவர் சிரித்தார். “வெயிலுக்குச் சும்மா கெடைக்கிற தண்ணிய்யா. புண்ணியமா நெனச்சுக்கோங்க.”

சுற்றி நின்ற வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. நான் லாரிக் கதவைத் திறந்து, அவருடைய சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவர் விழுந்து எழுவதற்குள் வாயில் குத்தினேன். மறுபடி குத்தினேன். என் மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. பல்லெல்லாம் ரத்தம். பிறகு அவருடைய சாதியைச் சொல்லித் திட்டினேன். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். என் பேத்தி அதைக் கேட்டாள். அது போதும்.

வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். கண்ணன் என்னை வண்டிக்குள் தள்ளினான். நான் வண்டியைப் பின்னால் எடுத்து, கருவேலங்காட்டுக்குள் போன ஒரு மண்பாதையில் திருப்பினேன். கொடி பிடித்த அம்மாள் கத்தியது கேட்டது.

“அது ரோடு இல்லீக! தண்ணி லாரி போற தடம்! கல்லு ஒடச்ச கெடங்குப் பள்ளத்துல போயி முட்டும்!”

எங்களை நிறுத்தப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பொய்யன் கண்ணுக்கு எல்லாரும் பொய்யர்.

கொஞ்சத் தூரத்தில் கண்ணாடியில் புழுதி தெரிந்தது. அந்த லாரிதான். விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

“நம்மள அடிக்க வாராங்க மாமா” என்று நடுச் சீட்டில் இருந்த மருமகள் சுதா அழுதாள்.

“நிப்பாட்டுங்கப்பா. கால்ல விழுந்துருவோம்” என்றான் கண்ணன்.

“அவன் கால்லயா?” என்று மிதித்தேன்.

ஒரு பெரிய கல் வண்டியின் அடியில் மோதியது. எல்லாரும் தூக்கிப் போடப்பட்டோம். சைலன்சர் உடைந்து தொங்கியது. வண்டி அலறியது. நான் நிறுத்தவில்லை. உடைந்த குழாயிலிருந்து சூடான புகை நேராகப் பின்பக்கத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தகரத்துக்கு மேல் ரப்பர் விரிப்பு. ரப்பருக்கு மேல் அட்டைப் பெட்டி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் ரப்பர் கருகும் நாற்றம். அடுத்து வந்தது நான் முப்பது வருடம் பயந்த வாசனை. அட்டை தீப்பிடிக்கும் வாசனை.

“என்னங்க, கீழ புகையுது” என்றாள் பின் சீட்டில் ஹரிணியோடு இருந்த கோமதி.

நிறுத்தினேன். “எறங்குங்க! பின்னால வெடி இருக்கு! எறங்குங்க!”

கண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கோமதி பேத்தியைத் தூக்கி நடுச் சீட்டின் மேலாக எறிந்தாள். எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சுதா பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கோமதியால் அந்தச் சீட்டைத் தாண்ட முடியவில்லை. மூட்டுவலிக்காரி. சேலை சிக்கிக்கொண்டது. கண்ணன் உள்ளே புகுந்து கையைப் பிடித்து இழுக்கும்போதே சரவெடி பற்றிக்கொண்டது.

மூடிய வண்டிக்குள் சரவெடி வெடித்ததை நான் எப்படிச் சொல்வேன்? உள்ளே வெள்ளை நெருப்பும் சத்தமும் தவிர எதுவும் இல்லை. கண்ணன் முகம் கருகி வெளியே விழுந்தான். நான் பின்கதவுக்கு ஓடினேன். முடிச்சு. என் கையாலேயே முறுக்கி இறுக்கிய முடிச்சு. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோமதியின் உள்ளங்கை தெரிந்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த பெட்டி அணுகுண்டு. அது பற்றினால் கையும் மிஞ்சாது.

அப்போது எனக்கு, கம்பெனிக்குப் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி ஞாபகம் வந்தாள். எங்கள் கம்பெனி அறை ஒன்றில் தீப்பிடித்தபோது வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் தாண்ட முடியாமல் செத்துப்போனவள். சீசன் அவசரத்தில் அங்கே அடுக்கச் சொன்னவன் நான். விசாரணையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று சொன்னவனும் நான்.

நான் அன்றுவரை அம்மனிடம் பேரம்தான் பேசியிருந்தேன். இது கொடு, அது செய்கிறேன் என்று. அன்று கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. “தாயே, நான் போட்ட முடிச்சு. என்னால அவுக்க முடியல. நீ அவுத்துவிடு. என்னைய எடுத்துக்க” என்று கதறினேன்.

லாரி வந்து நின்றது.

டிரைவர் குதித்தார். கையில் இரும்புக் கம்பி. வாயில் நான் வரவழைத்த ரத்தம். என்னை நோக்கித்தான் வந்தார். நான் தலையைக் காட்டி நின்றேன். அந்த உள்ளங்கையை அவர் பார்த்துவிட்டார். என்னை இடித்துத் தள்ளிவிட்டு, அதே கம்பியால் பின்கண்ணாடியை நொறுக்கினார்.

“அண்ணே, ஓஸப் போடு! ஓஸப் போடு!”

பாலத்துச் சிமெண்டை நனைக்க அந்த லாரியில் மோட்டாரும் நீளக் குழாயும் உண்டு. கூட வந்த பெரியவர் குழாயை உள்ளே திருப்பினார். தண்ணீரும் நெருப்பும் புகையும் ஒன்றாய்க் கொப்பளித்தன. டிரைவர் உடைந்த கண்ணாடிக்குள் தோள் வரை நுழைந்து கோமதியை இரண்டு கையாலும் இழுத்தார். அவர் கையும் கிழிந்தது. அவள் மேலும் ரத்தம், அவர் மேலும் ரத்தம். நான் புழுதியில் உட்கார்ந்திருந்தேன். அணுகுண்டுப் பெட்டி நனைந்து கூழாகி வெளியே வழிந்தது. அதில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

கோமதியையும் கண்ணனையும் அந்த லாரியில்தான் ஏற்றினோம். எங்களைக் கண்டதும் கொடி பிடித்த அம்மாள் எங்களுக்கு வழிவிட ரோலர் முன்னால் போய் நின்று அதை நிறுத்தினார். விருதுநகர் ஆஸ்பத்திரியில், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எந்த ஊருக்குள் போகக் கூடாதென்று ஓடினேனோ, அந்த ஊருக்குள் ஆம்புலன்ஸில் போனேன். முகூர்த்த நாள் நெரிசல். பேருந்தும் ஆட்டோவும் மாட்டுவண்டியும் எங்களுக்காக ஒதுங்கின. ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தை நிறுத்தி ஓரம் போனது. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் வழி விட்டதில்லை.

டிரைவர் பெயர் வேல்சாமி. கோமதி பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உதட்டில் தையல், கையில் கட்டு. நான் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

“எதுக்கு எங்க பின்னால வந்தீங்க?” என்று கேட்டேன். அந்தக் கல்குவாரிப் பள்ளத்தில் விழாமல் தடுக்க வந்தேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“ஒங்கள அடிக்கத்தான்” என்றார். “மண்டையப் பொளந்துட்டு ஜெயிலுக்குப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். அந்தம்மா கையப் பாத்தேன். பெறகு ஒங்க ஞாபகமே இல்ல.”

“இப்ப அடிங்க.”

“போங்கய்யா. அந்தம்மா எந்திரிச்சு வந்து என்னைய அடிப்பாக.” பிறகு, “நீங்க சொன்ன வார்த்தைய மட்டும் இன்னும் மறக்கல. அடி மறந்துருச்சு” என்றார்.

‘நீங்கள் அவரை அடித்ததால்தானே லாரி வந்தது, எல்லாம் அம்மன் கணக்கு’ என்று சில பங்காளிகள் எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். வேண்டாம். என் பாவத்துக்கு அவள் பெயரை வைக்காதீர்கள். என் கையில் இருந்ததெல்லாம் நெருப்பு. அந்த நெருப்பின் பின்னாலேயே தண்ணீரை ஓட்டி வரச்செய்தது அவள் கருணை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போலீஸில் வெடி என்னுடையது என்று சொல்லி வழக்கை ஏற்றுக்கொண்டேன். வேலையை விட்டேன். விஸ்வநத்தத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் கணவரிடம், பெட்டியை அடுக்கச் சொன்னது நான்தான் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். அது நியாயம். கம்பெனி விசாரணையில் சொன்னதையும் எழுத்தில் திருத்திக் கொடுத்தேன். கண்ணன் என்னோடு பேச வெகுகாலம் ஆனது. ஹரிணி இன்றும் பட்டாசுச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அவள் ஆச்சியைக் கட்டிக்கொள்கிறாள்.

மறுவருடம் முடி இறக்க வந்தோம். வெடி இல்லை. அம்மன் வாசலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்றேன். வேல்சாமியையும் அவர் குடும்பத்தையும் அழைத்திருந்தேன். பந்தியில் அவர்களுக்கு நான்தான் இலை போட்டேன். சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். அது உங்கள் கணக்கு.

உறவுகளே, உங்களில் கடனில், நோயில், வழக்கில் கிடப்பவர்கள் இருப்பீர்கள். அவளைக் கூப்பிடுங்கள். பேரம் இல்லாமல், கையை விரித்துக் கூப்பிடுங்கள். யார் வழியாக உதவி வரவேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் மதுரை வழியாகத்தான் கோயிலுக்கு வருகிறோம். கண்ணன் ஓட்டுகிறான். நான் பின்சீட்டில், கோமதியின் கேட்கும் காதுப் பக்கம் உட்காருகிறேன். போன தடவை வைகைப் பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன.

“என்னங்க, என்னாச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. நம்ம முறை வரட்டும்னு நிக்கோம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.