ஒளி என்றால் என்ன?

பக்கத்து வளவில் ஒரு பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒளிச்சாச்சா?" என்று கூவுகிறது. இந்தச் சொல்லுக்காக ஒருநாள் வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

எங்கள் ஊரில் கல்லடிப் பாலம் புதிதாக இருந்த காலம். நான் மூன்றாம் வகுப்பு. "ஒளி எண்டா என்ன கருத்து?" என்று ரீச்சர் கேட்டார். எல்லாரும் வெளிச்சம் என்றார்கள். நான் மட்டும், "சாமானை ஒளிச்சு வைக்கிறது" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு அந்த ஒரு கருத்துத்தான். அம்மா செத்த கிழமையே அவருடைய சேலை, சீப்பு, காப்பு எல்லாவற்றையும் அப்பா பெட்டகத்துக்குள் ஒளித்துவிட்டார்.

"ரெண்டும் சரிதான், மகள். ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து எப்பிடி வந்ததெண்டு எனக்கும் தெரியா" என்றார் ரீச்சர்.

அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். பெட்டகம் திறந்திருந்தது. தாழம்பூ மணந்தது. அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்து அப்பா குலுங்கி அழுதுகொண்டிருந்தார். காலடி கேட்டதும் சேலையை உள்ளே திணித்து, பெட்டகத்தை மூடினார்.

"ஆரு, மகளா?"

நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். அப்பா இருந்தவரை அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவேயில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும். வளவில் பிள்ளை மறுபடியும், "ஒளிச்சாச்சா?" என்று கேட்கிறது.

"ஓம், ஒளிச்சாச்சு" என்று சொல்ல வாய் உன்னுகிறது.