நீலம் போட்ட ராக்கெட்

பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் என் மகளிடம் கேட்டது ஒரே ஒரு எண்: தண்ணீர் ராக்கெட் எவ்வளவு உயரம் போனது? திங்கட்கிழமை அந்த எண் இல்லாமல் போனால் ஐந்து மதிப்பெண் போச்சு. ஞாயிறு காலை, ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வாசலில், அட்டை இறக்கை ஒட்டிய குளிர்பான பாட்டில், ரப்பர் கார்க், சைக்கிள் பம்ப் எல்லாம் தயார். தண்ணீர்தான் இல்லை.

வீட்டுக்கார அம்மா குழாயை மறித்து நின்றார். "டேங்கர் தண்ணிய வானத்துல ஊத்தவா வாங்கறேன்? அதெல்லாம் பேடா, வேணாம்."

மகள் மாடியேறிப் போய், பள்ளிச் சட்டையை நீலம் போட்டு அலசிய பக்கெட்டைத் தூக்கிவந்தாள். "இது எப்படியும் கீழ ஊத்தற தண்ணிதானே ஆண்ட்டி?"

அவர் வழிவிட்டு நகர்ந்தார்.

என் வேலை எளிது. தெருவின் எதிர்ப்பக்கம், சுவரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியின் விளிம்பு வழியாக ராக்கெட்டின் உச்சியைக் குறிபார்க்க வேண்டும். அதில் தொங்கும் நூல் கோணத்தைக் காட்டும். மீதியை அவள் கணக்குப் போட்டுக்கொள்வாள்.

மகள் பம்ப் அடிக்க, பதினேழாவது அடியில் கார்க் கழன்றது. ராக்கெட் சுவரை உரசிக்கொண்டே ஏறி, மூன்றாம் மாடி ஜன்னலுக்குச் சற்றுக் கீழே ஒரு முட்டு முட்டி, மிச்சத்தைக் கக்கிவிட்டு விழுந்தது. பாட்டில் பிளந்துவிட்டது.

"எத்தனை டிகிரிப்பா?"

"பாக்கலம்மா."

"அப்ப என்னத்ததான் பாத்தீங்க?"

"ராக்கெட்ட."

பத்திரிகையின் செய்தி மேசையில், நிருபர்கள் விட்டுவிட்டு வரும் எண்களைக் கேட்டு வாங்குவதுதான் என் பிழைப்பு. அவள் கண்ணில் நீர் முட்டியது.

"அய்யய்யோ, என் செவுரு!" என்றார் வீட்டுக்கார அம்மா. போன மாதம் அடித்த சந்தன நிறப் பெயிண்டில் ஒரு நீலக்கோடு ஏறி, ஜன்னலுக்குக் கீழே திட்டாக முடிந்திருந்தது.

மகளும் அண்ணாந்து பார்த்தாள். "ஆண்ட்டி, அஞ்சு நிமிஷம் தொடாதீங்க! அதான் என் ஹைட்டு!"

"ஹைட்டா? காஞ்சா போவாதும்மா அது!" அவர் பக்கெட்டோடு மொட்டை மாடிக்கு ஓடினார்.

மகள் தெருவைக் கடந்து ஓடிவந்து, பாகைமானியை என் கையிலிருந்து பிடுங்கி, நான் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடாத, விழாத ராக்கெட்டை அளப்பது சுலபம். மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் நாற்பத்தாறு டிகிரி. அவள் கண் உயரத்தையும் சேர்த்து ஒன்பது புள்ளி ஏழு மீட்டர் என்று எழுதி முடிக்கவும் மேலிருந்து தண்ணீர் இறங்கவும் சரியாக இருந்தது.

முதல் பக்கெட்டில் கோடு அகலமானது. இரண்டாவதில் இரண்டாம் மாடி வரை பரவியது. மூன்றாவதற்கு, டேங்கர் தண்ணீரை மேலே ஏற்ற அவர் மோட்டார் போட்டார்.